ஜிடிஏ 5 வீடியோ கேமில் நாயகர்களான மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் மூன்று பேரும் கோடீஸ்வரர்களாக லெஸ்டரின் கொலை மிஷன்களை எப்போது செய்ய வேண்டும்?

லெஸ்டர் தரும் ஐந்து கொலை மிஷன்களில் முதலாவதான ஹோட்டல் மிஷனை முடித்த கையோடு மீதியையும் முடித்துவிடலாமா என்று பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. வேண்டாம். கதை நகர ஹோட்டல் மட்டும்தான் கட்டாயம். மற்ற நான்கையும் கதையின் கடைசிப் பெரிய கொள்ளையான ‘பிக் ஸ்கோர்’, அதற்குப் பின் கடைசி மிஷன் எல்லாம் முடிந்த பிறகு தொடுங்கள். கடைசி மிஷனில் கேட்கும் மூன்று முடிவுகளில், மூவரும் உயிரோடு இருக்கும் ‘சி’ வழியை எடுங்கள். ‘ஏ’ எடுத்தால் டிரெவர் போய்விடுவார், ‘பி’ எடுத்தால் மைக்கேல். ஷேர் வாங்க ஒரு ஆள் குறையும். கதைக்கு எந்த முடிவு பொருத்தம் என்று சண்டைக்கு வருபவர்கள் வேறு கேள்விக்குப் போகலாம், இது பணக் கேள்வி.

பஸ் தவிர ஒவ்வொரு மிஷனுக்கும் முன்னால் மூவருக்கும் மாறி மாறிப் போய், போனில் இன்டர்நெட் திறந்து, இருக்கும் மொத்தப் பணத்தையும் போடுங்கள். கொல்லப்படும் ஆளால் ஒரு கம்பெனி விழும், அதன் போட்டிக் கம்பெனி ஏறும். சூட்சுமம் அவ்வளவுதான்.

மல்டி டார்கெட்: முன்னால் விளையாட்டுக்குள் இருக்கும் எல்சிஎன் பங்குச் சந்தையில் டெபோனேர், மிஷன் முடிந்து 80% லாபம் வந்ததும் விற்றுவிட்டு, விழுந்து கிடக்கும் ரெட்வுட். இது 300% வரை ஏறும், இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை. வைஸ்: முன்னால் பாசாக் என்ற இன்னொரு சந்தையில் ஃப்ரூட், சுமார் 50%, முடிந்தபின் ஃபசாட், 30%. பஸ்: முன்னால் எதுவும் வாங்காதீர்கள், முடிந்தபின் விழும் வேப்பிட், 100%. கன்ஸ்ட்ரக்‌ஷன்: முன்னால் கோல்ட்கோஸ்ட், 80%. ஆளுக்கு இரண்டரைக் கோடி டாலரில் தொடங்கினால் நூறு கோடியைத் தாண்டும்.

பலர் கோட்டைவிடுவது காத்திருப்பதில்தான். போனில் சேவ் செய்தால் நேரம் நகராது, கட்டிலில் படுத்தால்தான் நகரும். மைக்கேல் 6 மணி நேரம், ஃபிராங்க்ளின் 8, டிரெவர் 12. ரெட்வுட்டுக்கு டிரெவரைத் தூங்க வையுங்கள், ஆனால் ஒவ்வொரு தூக்கத்துக்குப் பிறகும் விலையைப் பாருங்கள். உச்சிக்குப் போன விலை அங்கேயே நிற்காது. விற்கும்போதும் மூவரும் தனித்தனியாக விற்க வேண்டும். மிஷனுக்கு முன் தனி ஸ்லாட்டில் ஒரு சேவ் கட்டாயம், ஆட்டோசேவை நம்பாதீர்கள். பாசாக் இணையத்தோடு சேர்ந்தது, அது படுத்திருந்தால் வைஸையும் பஸ்ஸையும் தொடங்கவே தொடங்காதீர்கள்.

‘இது ஏமாற்று வேலை’ என்பவர்களுக்கு: கதைப் பகுதியில் பணத்துக்கு சீட் கோடே (குறுக்குவழிக் குறியீடு) கிடையாது. லெஸ்டரே போனில் ஷேரைப் பற்றிச் சொல்கிறார்.

என் எரிச்சல் வேறு. இவ்வளவு சேர்த்து எதில் செலவழிப்பது? கோல்ஃப் கிளப் விலை 15 கோடி டாலர், வார வருமானம் 2,64,500. போட்ட பணம் திரும்ப 560 வாரத்துக்கு மேல் ஆகும். 2013-இல் வந்த விளையாட்டு, புதிய கார், புதிய வீடு, புதிய கொள்ளை என்று பெரும்பாலும் பலர் சேர்ந்து ஆடும் ஜிடிஏ ஆன்லைனுக்கே போனது. இந்த மூவரின் கதைக்குக் கூடுதலாக ஒரு அத்தியாயம்கூட வரவில்லை.