வேர்டிலிருந்து ஒட்டிய நிரல் ஏன் ஓடவில்லை?

வணக்கம். வேர்டில் வைத்திருந்த பைத்தான் நிரல்மொழி வரியை ஒட்டினால் 'இன்வேலிட் கேரக்டர்' என்று வருகிறது, அதையே கையால் அடித்தால் ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிரலில் தவறே இல்லை, மேற்கோள் குறியைத்தான் வேர்டு மாற்றிவிட்டது. அந்த வரியைப் பெரிதாக்கிப் பாருங்கள். திறக்கும் குறி 6 போலவும் மூடும் குறி 9 போலவும் வளைந்திருக்கும். பைத்தானுக்கு வேண்டியது நேராக நிற்கும் குறி. தட்டச்சுப் பொறியில் விசையை மிச்சப்படுத்த, திறக்கவும் மூடவும் ஒரே நேர்க்குறியை வைத்தார்கள். விசைப்பலகைக்கும் அதுவே வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு பட்டியலில் அதன் எண் 0022. வளைந்தவை 201சி, 201டி. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு மூன்றும் வேறு வேறு எழுத்து.

வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், 'ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்' பகுதியில் 'ஸ்மார்ட் கோட்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஹைபனையும் கவனியுங்கள். இரண்டு ஹைபன் அடித்தால் வேர்டு சேர்த்து ஒரே நீளக் கோடாக்கிவிடும், கட்டளைகளை அடித்து இயக்கும் கட்டளை வரி (கமாண்ட் லைன்) அதை இரண்டு ஹைபனாக ஏற்காது. பழைய வரிகளை நோட்பேடில் ஒட்டினாலும் வளைந்த குறி அப்படியேதான் இருக்கும். அங்கே 'ரீப்ளேஸ்' போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.