லைசென்ஸ் அனுமதித்தாலும் கார் தாங்க வேண்டும்

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். 2009இல் கார் லைசென்ஸ் எடுத்தேன். ட்ரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தோட்ட வேலைக்கு மணல் ஏற்றி வரலாமா? அதற்குத் தனியாக டெஸ்ட் உண்டு என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வது பழைய சட்டம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2021 டிசம்பர் 16 முதல் அந்த டெஸ்ட் கிடையாது. சாதாரண கார் லைசென்ஸே 3,500 கிலோ ட்ரெய்லர் வரை செல்லும். இதற்குப் பார்ப்பது ட்ரெய்லர் தகட்டில் பொறித்த உச்ச எடையை. காலியாக இழுத்தாலும் அதே கணக்குதான்.

பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். தளர்ந்தது லைசென்ஸ் விதி மட்டுமே. உங்கள் கார் இழுக்கக்கூடிய எடை கூடவில்லை. கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ ஒரு தகடு இருக்கும். அதில் நான்கு எடைகள்: முதலாவது காரின் உச்ச எடை, இரண்டாவது காரும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை, மற்றவை முன், பின் அச்சுகளுக்கு. முதல் இரண்டும் 2,100, 3,600 என்றிருந்தால் வித்தியாசம் 1,500 கிலோ. ஏறக்குறைய அதுதான் இழுக்கும் வரம்பு. கார் கையேட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதையே எடுங்கள். இங்கே கணக்கு ஏற்றிய உண்மையான எடைக்கு. ட்ரெய்லரே 500 கிலோ என்று வையுங்கள். பெரிய மணல் பை ஒன்று சுமார் 850 கிலோ. ஒரு பையோடு 1,350. இரண்டாவதை ஏற்றினால் 2,200: சட்டமீறல், பிரேக்கும் பிடிக்காது. கூட்டு எடையே தகட்டில் இல்லாத காரில் எதையும் இழுக்காதீர்கள்.

உச்ச எடை 750 கிலோவைத் தாண்டிய ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். ட்ரெய்லர் கழன்றால் பிரேக்கை இழுக்கும் மெல்லிய கம்பிவடத்தை மாட்ட மறக்கவே வேண்டாம்.

கேள்வி: 55 மைல் தாண்டினால் ட்ரெய்லர் பாம்பு போல ஆடுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் பாரம் பின்னால் போனதால்தான். கொக்கியை அழுத்தும் எடை, ஏற்றிய ட்ரெய்லரின் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,200 கிலோவுக்கு 60 முதல் 84. ட்ரெய்லரைச் சமதரையில் மட்டமாக நிறுத்தி, இணைப்புத் தலைக்கு அடியில் சரியான உயரத்துக்கு மரக்கட்டை வைத்து, அதைக் குளியலறைத் தராசில் நிறுத்தினால் தெரிந்துவிடும். கொக்கித் தகடு, கார் கையேடு இரண்டிலும் சிறிய வரம்பைத் தாண்டக் கூடாது. கனமானதை அச்சுக்கு மேல், சற்றே முன்தள்ளி வையுங்கள். டயர்க் காற்றையும் பாருங்கள். ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள். பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் கூடும். ட்ரெய்லருடன் நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 50, மோட்டார்வேயில் 60 மைல்தான் உச்சம்.

கேள்வி: அப்பா 1994இல் இங்கே டெஸ்ட் பாஸ் செய்தவர். அவருக்கும் 3,500தானா?

பதில்: இல்லை. 1997க்கு முன் பாஸ் செய்தவர்கள் பொதுவாக வாகனமும் ட்ரெய்லருமாக 8,250 கிலோ வரை ஓட்டலாம். 70 வயதில் புதுப்பிக்கும்போது மருத்துவர் நிரப்பிய டி4 படிவம் அனுப்பினால்தான் அந்த உரிமை தொடரும்.