ரோடு போடும்போது சுற்றுச்சூழலை யார் பார்க்கிறார்கள்? கேள்வி பதில்

நெடுஞ்சாலைத் திட்டங்களில் மேற்பார்வை ஆலோசகர் (கான்ட்ராக்டரின் வேலையை அரசு சார்பில் சரிபார்க்கும் நிறுவனம்) தரப்பில் சுற்றுச்சூழல் பொறுப்பைப் பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நில எடுப்பு, இழப்பீடு பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். அதற்கு வழக்கறிஞர்தான் சரி.

கோவையிலிருந்து ஒரு சிவில் மாணவி: சார், எல்லா ரோட்டுக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமா?

இல்லைம்மா. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கைதான் இன்றைக்கும் அடிப்படை. புதிதாகப் போடும் தேசிய நெடுஞ்சாலைக்கு அந்த அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது என்றால், 2013 திருத்தத்துக்குப் பிறகு, நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். கூடவே, கூடுதலாக எடுக்கும் நிலம் பழைய தடத்தில் 40 மீட்டர் அகலத்தையும், புறவழிச்சாலை அல்லது மாற்றுத் தடத்தில் 60 மீட்டரையும் தாண்ட வேண்டும். அப்போதுதான் அனுமதிக்குப் போக வேண்டும், அதற்குத்தான் இந்த மதிப்பீடு.

இந்த 100 கிலோமீட்டர் என்ற கோட்டை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு உத்தராகண்டில் நான்கு புனிதத் தலங்களுக்குப் போகும் சார்தாம் சாலைதான் பாடம். சுமார் 900 கிலோமீட்டர் வேலையை 53 துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொன்றும் 100க்குக் கீழே, ஆகவே எதற்கும் மதிப்பீடு இல்லை. மலையைச் செங்குத்தாக வெட்டி மண்ணை ஆற்றுச் சரிவில் தள்ளிய பிறகுதான் விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. குழு போட்டார்கள், 2021 டிசம்பரில் தீர்ப்பும் வந்தது. அதற்குள் வெட்டியது வெட்டியதுதான்.

அனுமதி தேவைப்படாத ரோட்டுக்கும் விதி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹாட் மிக்ஸ் பிளாண்டுக்கும் (தார்க் கலவை ஆலை) கல் உடைக்கும் கிரஷருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, மண்ணுக்கு கனிமவளத் துறை அனுமதி, காட்டு நிலமென்றால் வனத்துறை அனுமதி எல்லாம் வேண்டும். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வேலை விவரக்குறிப்பு நூலில் 111ஆம் பிரிவு முழுக்க சுற்றுச்சூழல் பாதுகாப்புதான். அந்த நூல் ஒப்பந்தத்தோடு சேர்ந்தே வருகிறது. கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டிருப்பார், படித்திருப்பாரா என்பது வேறு.

உளுந்தூர்பேட்டை பக்கத்து விவசாயி: ஐயா, பக்கத்துப் பட்டாக்காரர் ரோடு வேலைக்கு மண் எடுக்கப் பேசிவிட்டார். இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டிவிட்டார்கள். என் வரப்பு சரிகிறது. ரோட்டுக்கு என்றால் கேட்க முடியாதாமே?

கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டு, சாலை மாதிரியான நீளத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்றது. எவ்வளவு எடுக்கலாம், எப்படி எடுக்கலாம் என்று எந்த வரம்பும் அதில் இல்லை. 2024 மார்ச் 21இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்துவிட்டது. பிறகு விதியைத் திரும்பவும் எழுதினார்கள், அதனால் உங்கள் குழி எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்பது முக்கியம். ஆனால் அந்த விலக்கு இருந்த காலத்திலும் கனிமவளத் துறை அனுமதியும் லாரிக்கு நடைச்சீட்டும் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

அனுமதி ஆணையில் சர்வே எண், ஆழம், கன மீட்டர் மூன்றும் இருக்கும். மாவட்ட கனிமவள உதவி இயக்குநர் அலுவலகத்தில் அதன் நகலைக் கேளுங்கள். சர்வே எண்ணைப் பாருங்கள். அனுமதி ஒரு எண்ணுக்கு, பொக்லைன் நிற்பது அடுத்த எண்ணில் என்பது ரொம்பச் சகஜம். வரப்பு ஓரத்தில் எவ்வளவு இடம் விடவேண்டும், சரிவு எப்படி இருக்கவேண்டும், சுமார் 15 செ.மீ. மேல் மண்ணைத் தனியே வழித்துக் குவித்து வைத்து வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பவேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்த ஆவணத்தில் இருக்கும். அந்த மேல் மண் குவியல் எங்கே என்று சைட் இன்ஜினியரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது ரோட்டுக்கு அடியில் போயிருக்கும், இல்லையென்றால் யாராவது வீட்டு மனைக்கு.

ஏன் இப்படி விட்டுப் போகிறார்கள்? பணம் எங்கே வருகிறது என்று பாருங்கள். ரோடு எழும்புவதற்குத்தான் பில். குழியைச் சீராக்குவதற்குத் தனி ஐட்டம் கிடையாது, மண்வேலை விலைக்குள்ளேயே அடக்கம் என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அடக்கம் என்று எழுதியதைச் செய்யாவிட்டால் யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. நான் பார்த்த வேலைகளில் ஒரு வித்தியாசம்தான் பலன் கொடுத்தது. குழியை மூடி, நிலத்துக்காரரும் பக்கத்து நிலத்துக்காரரும் கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டுவந்தால்தான் அந்தப் பகுதி மண்வேலை பில் நகரும் என்று வைத்த இடங்களில் பொக்லைன் தானாகத் திரும்பி வந்தது. மற்ற இடங்களில் நாங்கள் எழுதிய கடிதங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஊர் வேலையில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று மேற்பார்வைப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மழைக்கு முன் கேளுங்கள். குழியில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆழத்தை அளக்கவும் முடியாது, பிள்ளைகள் இறங்கும் ஆபத்து வேறு.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா: தூசி தாங்க முடியவில்லை. கேட்டால் "காற்றுத் தரம் அளவுக்குள் இருக்கிறது" என்று ரிப்போர்ட் காட்டுகிறார்கள். நம்பலாமா?

ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா, பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிஎம்10 என்கிற தூசிக்கு நாட்டின் வரம்பு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அதைவிட நுண்ணிய பிஎம்2.5 தூசி என்றால் 60. இந்த எண்களை விட, கருவியை எங்கே, எந்த நாளில் வைத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வேலை நடக்கும் இடத்திலிருந்து காற்று அடிக்கிற திசையில் வைத்தார்களா, எதிர்ப்பக்கம் ஊராட்சி அலுவலக மொட்டை மாடியில் வைத்தார்களா? அன்றைக்கு டிப்பர் ஓடியதா, ஞாயிற்றுக்கிழமையா, முந்தின நாள் மழையா? ஏப்ரலிலும் நவம்பரிலும் ஒரே எண் வந்தால் அது கருவி கொடுத்த எண் இல்லை.

ஊருக்குள் வரும் தூசியில் பெரும்பங்கு தார் போடாத மாற்றுப்பாதையிலிருந்து கிளம்புகிறது. தண்ணி லாரி காலையில் ஒரு நடை வந்து போனால் வெயிலில் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். லாரி நடைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். டீசல் கணக்கோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். பள்ளி, மருத்துவமனை இருந்தால் சத்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல் வரம்பு. குடியிருப்புப் பகுதியில் 55, 45. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 வரை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி: கான்ட்ராக்டரிடம் சுற்றுச்சூழல் அலுவலராகச் சேர்ந்திருக்கிறேன் அண்ணா. சேஃப்டியும் நான்தான். மாதம் ஒரு செக்லிஸ்டில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. என்ன செய்யட்டும்?

உன் நிலைமையில்தான் பாதிப் பேர் இருக்கிறார்கள், தம்பி. எங்கள் பக்கத்திலும் சுற்றுச்சூழல் நிபுணர் என்று போட்டிருக்கும். சில மாதங்களுக்கு மட்டும் வந்து போகிற ஆள். தினமும் சைட்டில் இருப்பவன் நீதான்.

முதலில் செக்லிஸ்டை மூடி வை. எந்த வேலை ஆரம்பிக்கும் முன்பும் சைட் இன்ஜினியர் எங்கள் ஆட்களிடம் ஆய்வுக்கு அழைக்கும் படிவம் ஒன்று கொடுப்பார் அல்லவா, அதில் உனக்கு ஒரு கட்டம் வாங்கு. மரம் எண்ணியாயிற்றா, மேல் மண் வழித்தாயிற்றா, ஓடைக்கு மாற்று வழி விட்டாயிற்றா என்று மூன்று கேள்வி போதும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கான்கிரீட் போட முடியாது என்ற நிலை வந்துவிட்டால், உன்னைத் தேடி அவர்களே வருவார்கள். உன் ப்ராஜெக்ட் மேனேஜர் முதலில் முறைப்பார். மேற்பார்வைப் பொறியாளர் ஒருவரைப் பிடித்து அவர் வாயால் கேட்கவை.

அப்புறம், கேம்ப். பழைய ஆயில் டிரம், கக்கூஸ், குடிதண்ணீர் மூன்றையும் வாரம் ஒருமுறை நீயே போய்ப் பார். வெளியூர் ஆட்கள் நூற்றுக்கணக்கில் ஒரு கிராமத்து ஓரம் வந்து தங்குவது சின்ன விஷயம் இல்லை. உகாண்டாவில் கம்வெங்கே–ஃபோர்ட் போர்ட்டல் சாலை வேலையில் தொழிலாளர்கள் உள்ளூர்ச் சிறுமிகளிடம் பாலியல் கொடுமை செய்தது வெளிவந்து, 2015 டிசம்பரில் உலக வங்கி அந்தத் திட்டத்துக்கான நிதியையே ரத்து செய்தது. அங்கேயும் மாதா மாதம் ரிப்போர்ட் போய்க்கொண்டுதான் இருந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து ஓய்வு பெற்ற பாசனத்துறை ஊழியர்: ரோடு முடிந்த பிறகு வரும் வெள்ளத்தை விட, ரோடு வேலை நடக்கும்போது வரும் வெள்ளம்தான் எங்களை அழிக்கிறது. இதை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா?

உங்கள் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் ஐயா. நிரந்தரப் பாலத்தை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு வடிவமைப்பது என்று விதி இருக்கிறது, வரைபடத்தை நாலு பேர் சரிபார்க்கிறார்கள். அந்தப் பாலம் கட்டும்வரை பக்கத்தில் போடும் மாற்றுப்பாதைக்கு அந்தக் கவனம் கிடையாது. வாய்க்காலில் இரண்டு ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போட்டு மேலே மண்ணைக் கொட்டிவிடுவார்கள். கோடையில் அது போதும். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அந்த மண் அணையாக நிற்கும், மேல்பக்கத்து நாற்று மூழ்கும். டெல்டாவில் தரை மட்டமாக இருப்பதால் அரை அடி தண்ணீர் ஏறினாலும் கணக்கில்லாத ஏக்கர் போகும்.

என் அனுபவத்தில் கண்காணிப்பு என்றால் ஆகஸ்டு, செப்டம்பரில் எந்தெந்தச் சிறுபாலம் பாதியில் நிற்கிறது என்ற பட்டியல்தான். அதோடு ஒவ்வொரு வாய்க்காலையும் நடந்து பார்க்கவேண்டும், உங்களைப் போல மடை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு. மழைக்குள் முடிக்க முடியாத பாலத்தை அந்த ஆண்டு தொடவே விடக்கூடாது. இது பொறியாளர்களுக்குப் பிடிக்காது, வேலைத் திட்டம் தள்ளிப்போகும். உங்கள் விவசாயிகள் சங்கம் ஜூலையிலேயே கலெக்டரின் குறைதீர் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுத்தால் எங்களுக்கு உள்ளே பேச ஒரு பிடி கிடைக்கும்.

மதுரை ஆசிரியர் ஒருவர்: ரோட்டுக்காக வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்து மரம் நடுவோம் என்கிறார்களே?

பத்துக் கன்று. நட்ட அன்று எடுத்த போட்டோவைக் கேட்காதீர்கள், மூன்றாம் வருடக் கணக்கைக் கேளுங்கள். 2015 பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் வளர்ப்புக்கு ஒதுக்கச் சொல்கிறது. பணம் இல்லை என்ற பதில் அதனால் எடுபடாது. நடுத்திட்டில் அரளி வைத்ததைப் புளியமரத்துக்கு ஈடாகக் கணக்கில் காட்டினால் விடாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: இலங்கையில் தெற்கு அதிவேகப் பாதையின்போது மக்கள் நீதிமன்றம் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் ஏதும் நடந்ததா?

நடந்தது. மதிப்பீடு ஒரு தடத்துக்குச் செய்யப்பட்டு, பிறகு சில இடங்களில் தடம் நகர்த்தப்பட்டது. நகர்ந்த தடத்தில் வீடு இழந்தவர்களை யாரும் முன்பு கேட்கவில்லை. 2004இல் உங்கள் நாட்டின் உச்ச நீதிமன்றம் (நீங்கள் உயர் நீதிமன்றம் என்பீர்கள்) அவர்களைக் கேட்டிருக்கவேண்டும் என்று சொல்லி, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. ஆனால் தடம் மாறவில்லை. அதே ஆண்டு பாதிக்கப்பட்டவர்கள் கடன் கொடுத்த ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் முறையிட்டார்கள். வங்கியின் சொந்த விதிகள் மீறப்பட்டன என்று அதன் குழுவே கண்டது.

கடன் வாங்கிய திட்டத்தில் இது ஒரு கூடுதல் கதவு. தமிழ்நாட்டில் சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்துக்காகச் சுமார் 590 கிலோமீட்டர் மாநிலச் சாலைகளை மேம்படுத்த அதே வங்கி 2021இல் 484 மில்லியன் டாலர் கடன் கொடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட வேலைகளின் கண்காணிப்பு அறிக்கைகள் வங்கியின் இணையதளத்திலேயே வருகின்றன. உங்கள் ஊர் பெயரைத் தேடிப் பாருங்கள், ரிப்போர்ட்டில் உங்கள் ஊர் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

ஒரு அன்பர் சற்றுக் கோபமாக: இப்படி ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கட்டை போட்டால் நாடு எப்படி முன்னேறும்?

நான் ரோடு போட்டுச் சம்பாதித்தவன் சார், ரோடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வந்தது? மகாராஷ்டிராவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டி தேசிய நெடுஞ்சாலை 44ஐ அகலப்படுத்தியபோது வழக்கும் தடையுமாக ஆண்டுகள் ஓடின. கடைசியில் 9 இடங்களில் விலங்குகள் கீழே கடக்கும்படி கட்டினார்கள், ஒன்று 750 மீட்டர் நீளம். இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் கேமராக்களில் புலி அதன் அடியில் நடந்து போவது பதிவாகியிருக்கிறது, மேலே லாரியும் போகிறது. முதல் வரைபடத்திலேயே அதைப் போட்டிருந்தால் அந்த ஆண்டுகள் மிச்சம்.

பலர் கேட்டது: கடைசியில் எங்கே போய் முறையிடுவது?

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டம் என்றால் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி அறிக்கை கொடுக்கவேண்டும். அனுமதிக் கடிதம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இரண்டையும் கேளுங்கள். ஹாட் மிக்ஸ் புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்டப் பொறியாளர், மண்ணுக்குக் கனிமவளத் துறை, நீர்வழி அடைப்புக்கு நீர்வளத் துறை. ஒரே மனுவை எல்லோருக்கும் அனுப்பினால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டுவார்கள், அதனால் தனித்தனியாக எழுதுங்கள்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் போகவேண்டும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். இழப்பீடு கேட்பதென்றால் 5 ஆண்டு. அனுமதியையே எதிர்ப்பதென்றால் 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் அதற்கும் 60 நாள் வரை கூடுதலாகக் கிடைக்கலாம். அதனால் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, மனு கொடுத்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் வாய்வார்த்தையாகச் சொன்னதை நாங்களும் பதிவேட்டில் ஏற்றமாட்டோம்.