மகன் ஹொக்கியைத் தொழிலாக எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 14 வயது. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். இளையோர் ஐஸ் ஹொக்கியின் உயர்நிலையான ட்ரிபிள் ஏ அணியில் டிஃபென்ஸ் (தற்காப்பு) ஆடுகிறான். அடுத்த பருவம் அவனுக்கு ஓ.எச்.எல். (ஒன்ராறியோ ஹொக்கி லீக்) அணிகள் இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தெரிவுப் பருவம். “இவனிடம் விஷயம் இருக்கிறது. சாதாரணப் பள்ளியை விட்டு ஹொக்கி அகடமியில் சேருங்கள், ஒரு ஏஜென்டையும் பிடியுங்கள்” என்று பயிற்றுநர் சொல்கிறார். படிப்பு கெட்டுப்போகும் என்று என் கணவர் பயப்படுகிறார். ஓ.எச்.எல். போனால் அமெரிக்கப் பல்கலைக்கழக வாய்ப்பு போய்விடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். மகன் நவம்பரில் பிறந்தவன், அணியில் அவன்தான் சின்ன உருவம். ஹொக்கி ஒரு தொழிலாகுமா? நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் ஒரு பகுதியை இப்போதே முடித்துவைக்கலாம். ஓ.எச்.எல். போனால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் கிடையாது என்பது பழைய கதை. ஆனால் பொய்க்கதை இல்லை, பல வருடங்கள் அதுதான் விதியாக இருந்தது. கனடிய ஹொக்கி லீக்கின் கீழுள்ள ஒன்ராறியோ, மேற்கு, கியூபெக் லீக்குகளில் காலை வைத்தாலே போதும், தொழில்முறை ஆட்டக்காரன் என்று சொல்லி அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. கதவைச் சாத்திவிடும். 16 வயதில் இரண்டே இரண்டு முன்னோட்ட ஆட்டங்களில் இறங்கியதற்காக அந்த வாய்ப்பை இழந்த ஓர் இளைஞர் 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த நவம்பரிலேயே விதியை மாற்ற என்.சி.ஏ.ஏ. வாக்களித்தது. 2025 ஓகஸ்ட் 1 முதல் புதிய விதி நடப்பில் இருக்கிறது. அந்தக் கோடையில் மேற்கு லீக்கின் நட்சத்திரமான காவின் மெக்கென்னா, மெடிசின் ஹட் அணியை விட்டு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

ஆக, உங்கள் மகன் 16 வயதில் ஓ.எச்.எல். ஆடி, 18, 19 வயதில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் போக இப்போது வழி இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. முன்பு அந்தப் பல்கலைக்கழக இடங்களுக்குப் போட்டியிடாத மூன்று லீக் பையன்களும் இன்று வரிசையில் நிற்கிறார்கள். கதவு அகலமாகியிருக்கிறது, வாசலில் கூட்டமும் கூடியிருக்கிறது.

அந்த வரிசையில் நிற்கவே பள்ளிப் படிப்பு வேண்டும். இதில் உங்கள் கணவர் பக்கம்தான் நான். என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்கு உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றின் சராசரி 4-க்கு 2.3-க்குக் குறையக் கூடாது. கணக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. மகனின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாடக் குறியீடுகளைப் பாருங்கள். ஒன்ராறியோவில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் குறியீட்டின் கடைசி எழுத்து ‘யு’ என்றால் பல்கலைக்கழகத்துக்கான பாடம், ‘எம்’ என்றால் பல்கலைக்கழகம், கல்லூரி இரண்டுக்கும், ‘சி’ என்றால் கல்லூரிக்கு, ‘ஈ’ என்றால் வேலைத்தளத்துக்கு. மகன் ‘யு’, ‘எம்’ பாடங்களையே எடுக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பயண நாட்களுக்கு வசதியாக இருக்கும் என்று இணையவழிப் பள்ளிக்கு மாறினான். 18 வயதில் ஒரு பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஆசையாகக் கேட்டு வந்தபோது, அவன் முடித்த பாடங்களில் மூன்று கணக்கில் வரவில்லை. அந்த ஓர் எழுத்தை யாரும் பார்க்கவில்லை. இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் அகடமி விஷயத்தில் என் யோசனை, வருகிற பருவத்துக்கு வேண்டாம் என்பதுதான். பல்கலைக்கழகக் கட்டணத்தையே மிஞ்சும் கட்டணம் வாங்கும் அகடமிகள் இருக்கின்றன. ட்ரிபிள் ஏ அணியில் ஏற்கெனவே வாரத்தில் பல நாள் ஐஸில் நிற்கிற பிள்ளைக்கு அந்தக் காசு எதைக் கூட்டும் என்று கேளுங்கள். கோடையில் நல்ல ஸ்கேட்டிங் பயிற்றுநர் ஒருவர், வயதுக்கேற்ற உடற்பயிற்சி, ஹொக்கியே இல்லாத சில வாரங்கள், இவை மலிவு, பலனும் அதிகம். எப்படியும் அகடமிதான் என்று முடிவெடுத்தால், அங்கே சொல்லித்தரும் ஒவ்வொரு பாடமும் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு காசைக் கட்டுங்கள்.

சரி, சின்ன உருவத்துக்கு வருவோம். இளையோர் ஹொக்கியில் ஜனவரி 1-ஐ வைத்துத்தான் வயதைப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் உங்கள் மகனும் ஒரே அணி, இடையில் பத்து மாதம். 14 வயதில் பத்து மாதம் என்றால் ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டது, மற்றவனுக்குக் குரல்கூட உடையவில்லை. ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் ஹொக்கி அணிகளில் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களிலேயே காட்டினார். உங்கள் பிள்ளை அந்தச் சல்லடையில் விழாமல் ட்ரிபிள் ஏ வரை வந்திருக்கிறான் என்பதை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன்.

அவனிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அடுத்த ஆட்டத்தில் ‘பக்’ என்கிற ரப்பர் வட்டை விட்டுவிடுங்கள், மகனின் ஹெல்மெட்டை மட்டும் பாருங்கள். எதிரணி பக்கை அவனுக்குப் பின்னால் மூலைக்குத் தட்டிவிடும், அவன் திரும்பி ஓடுவான். பக்கைத் தொடுவதற்கு முன் அந்த ஹெல்மெட் தோளுக்கு மேலாகத் திரும்புகிறதா? ஒரு தரமா, இரண்டு தரமா? திரும்பிப் பார்த்தவனுக்குப் பின்னால் யார் வருகிறார்கள், தன் ஆள் எங்கே நிற்கிறான் என்பது தெரியும். பக் கைக்கு வந்ததும் போகிற முதல் பாஸ் அதிலிருந்துதான் பிறக்கிறது. பார்க்காதவன் ஐஸைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பக்கம் அடித்துவிட்டுத் தப்பிப்பான், அல்லது முதுகில் மோதலை வாங்குவான். டிஃபென்ஸ் ஆடுகிற சின்ன உருவப் பிள்ளையைப் பார்க்க வரும் தேர்வாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான். உயரம் பிறகு வரும், இந்தப் பழக்கம் தானாக வராது.

இது பாதுகாப்புக்கும் பொருந்தும். உடல் மோதல் அனுமதிக்கப்பட்ட வயதுக்கு அவன் வந்துவிட்டான். ஒன்ராறியோவின் ரோவன் சட்டம் 2018-இல் வந்தது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் இருந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், மருத்துவர் சொன்ன பிறகே திரும்பி முழுதாக ஆட முடியும். தேர்வாளர் வந்திருக்கிறார், இன்றைக்கு மட்டும் ஆடட்டும் என்று யார் சொன்னாலும், நீங்கள் இறங்கிப்போய் அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஓ.எச்.எல். தெரிவைப் பற்றிக் கொஞ்சம். லீக்கில் 20 அணிகள், தெரிவில் 15 சுற்றுகள். பெயர் வாசிக்கப்பட்டால் வீட்டில் கேக் வெட்டலாம், தப்பில்லை. ஆனால் அதனால் உங்கள் மகனை அழைக்கும் உரிமை அந்த அணிக்கு வருகிறதே தவிர, அவனுக்கு இடம் உறுதியாவதில்லை. 16 வயதில் நேராக அணியில் நிற்பவர்கள் சிலர்தான், மற்றவர்கள் இன்னொரு வருடம் கீழே ஆடிவிட்டு வருகிறார்கள். பெயரே வராதவர்களுக்கும் பாதை மூடுவதில்லை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் மார்க் ஜியோர்டானோ. ரொறன்ரோ பையன், அவரும் டிஃபென்ஸ்தான். 18 வயதில் பிரம்டனில் ஜூனியர் அணியொன்றில் ஆடிக்கொண்டிருந்தார். 2002-இல்தான் ஓவன் சவுண்ட் அணி வழியாக ஓ.எச்.எல். வந்தார். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல். தெரிவில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2004-இல் அந்த லீக்கின் கல்கரி அணி ஒப்பந்தம் கொடுத்தது. நடுவில் ஒரு பருவம் ரஷ்யாவுக்குப் போய் ஆடினார். திரும்பி வந்து 2013-இல் கல்கரி அணித் தலைவரானார். 2019-இல், 35 வயதில், லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நோரிஸ் கிண்ணத்தை வாங்கினார். 15 வயதில் அவரைப் பார்த்து யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். எத்தனையோ பிள்ளைகள் விஷயத்தில் அந்த வயது ஒன்றையும் சொல்வதில்லை.

அப்புறம், தொழிலாகுமா என்ற கேள்வி. என்.எச்.எல்.லில் 32 அணிகள், ஓர் அணியில் 23 பேர். பெருக்கினால் 736. உலகம் முழுவதற்கும் சேர்த்து இருக்கும் வேலை அவ்வளவுதான். ஆண்டுத் தெரிவில் 7 சுற்றுகளில் 224 பேரை எடுக்கிறார்கள், அவர்களில் பலர் ஒரு என்.எச்.எல். ஆட்டம்கூட ஆடுவதில்லை. மேலே போனவருக்கு 2025-26 பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளமே 775,000 அமெரிக்க டொலர். அதற்கு ஒரு படி கீழே ஏ.எச்.எல்.லில் குறைந்தபட்சம் 50,000 சொச்சம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவரிடம் பெரும்பாலும் இருவழி ஒப்பந்தம் இருக்கும். மேலே அழைத்த நாட்களுக்கு மேல் சம்பளம், கீழே அனுப்பிய நாட்களுக்குக் கீழ்ச் சம்பளம். சுவீடன், பின்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா லீக்குகளில் நல்ல வருமானத்தோடு பத்து வருடம் ஆடிக் குடும்பம் நடத்தும் கனடியர்களும் இருக்கிறார்கள். ஹொக்கியைத் தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலானோரின் வாழ்க்கை இப்படித்தான், தொலைக்காட்சியில் அவர்களை நாம் பார்ப்பதில்லை.

தெற்காசியப் பெயரோடு இதில் நிலைக்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எல்லாத் தமிழ்ப் பெற்றோரும் மனதில் வைத்திருக்கும் கேள்வி அது. மானி மல்ஹோத்ரா மிசிசாகாவில் பிறந்தவர், தந்தை பஞ்சாபி வழி. 1998 தெரிவில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார். 2011-இல் கண்ணில் பக் பட்டு, அதன் பிறகு ஆட்டம் பழைய நிலைக்கு வரவில்லை. பயிற்றுநரானார். வன்கூவர் அருகே சரேயில் வளர்ந்த அர்ஷ்தீப் பெயின்ஸை எந்த என்.எச்.எல். அணியும் தெரிவில் எடுக்கவில்லை. 2021-22-இல் மேற்கு லீக்கிலேயே அதிகமாக 112 புள்ளி குவித்தார், வன்கூவர் ஒப்பந்தம் கொடுத்தது, 2024 பெப்ரவரியில் என்.எச்.எல். ஐஸில் இறங்கினார். 2025-இல் வன்கூவரின் கீழ்நிலை அணியான அபொட்ஸ்போர்ட் ஏ.எச்.எல். கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் மல்ஹோத்ரா, அணியில் பெயின்ஸ். அந்தப் படத்தை நான் உடை மாற்றும் அறையில் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

ஏஜென்ட் இப்போது வேண்டாம். இந்த வயதில் வருபவர்களைக் குடும்ப ஆலோசகர் என்பார்கள். நல்லவர்கள் அவர்களாகவே ஆட்டம் பார்க்க வருவார்கள். பிள்ளை பின்னாளில் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அதில் ஒரு பங்குதான் அவர்கள் வருமானம். முன்பணம் கேட்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வருபவர் என்.எச்.எல். ஆட்டக்காரர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்றும் பாருங்கள்.

ஓ.எச்.எல். அணி ஒப்பந்தம் நீட்டினால், முதலில் கல்வி உதவியைப் பற்றிக் கேளுங்கள். பொதுவாக, ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகச் செலவை அணி ஏற்கும். எதெல்லாம் அதில் அடங்கும், எத்தனை மாதத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும், தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஹொக்கியில் மேலே போக முடியாத எத்தனையோ பேர் இந்தப் பணத்தில் கனடியப் பல்கலைக்கழகங்களில் படித்து, அங்கேயே அணியிலும் ஆடி, பட்டத்தோடு வெளியே வந்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் பயிற்றுநர் இருக்கிறார், கணவர் இருக்கிறார். மகன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரி இல்லை. அவனைத் தெரிவு செய்யும் அணி சூ சென் மரியாக இருக்கலாம், உங்கள் வீட்டிலிருந்து 700 கிலோமீட்டர். அவன் அறிமுகமில்லாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்கள் வைக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டு, காலையில் அங்குள்ள பள்ளிக்குப் போய், ஒரு பருவத்தில் 68 ஆட்டங்கள் ஆட வேண்டும். நடுச்சாமத்தில் பஸ்ஸில் தூங்கி வர வேண்டும். ‘பில்லெட்’ குடும்பங்கள் பெரும்பாலும் தங்கமானவர்கள், ஆனால் அம்மா அப்பா ஆக மாட்டார்கள். இதை அப்படியே அவனிடம் சொல்லி, போக விருப்பமா என்று கேளுங்கள். அரீனாவிலிருந்து திரும்பும் காரில் கேட்க வேண்டாம். ஆட்டம் இல்லாத ஒரு நாளில், சாப்பாட்டு மேசையில், கணவரும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். உடனே பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்கு இன்னும் ஒரு முழு வருடம் இருக்கிறது.