ஸ்விஃப்ட் டீசலுக்கு சிப் பாக்ஸ் போடலாமா, ஈசியூ ரீமேப் செய்யலாமா?

கேள்வி: 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல், பிஒய்-01 பதிவு, 85,000 கி.மீ. ஓடியது. தினமும் கடலூர் – புதுச்சேரி, அவ்வப்போது ஈசிஆரில் சென்னை. ஓவர்டேக் செய்யப் பிக்கப் போதவில்லை. ஒருவர் சிப் பாக்ஸ் போடச் சொல்கிறார், இன்னொருவர் ரீமேப்தான் சரி என்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்:

ரீமேப். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூவின் புரோகிராமை மாற்றுவதுதான் அது. ஆனால் பணம் கட்டும் முன் கிளட்ச்சையும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் இரண்டுமே வேண்டாம்.

சிப் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு சாமான்கள் விற்கின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே கோளாறு பார்க்க ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகுவது, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது ஒன்று. அந்த ரகத்தில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் எல்இடியை மினுக்கும் சர்க்யூட் மட்டும்தான் இருக்கும். அதை விட்டுவிடலாம்.

இன்னொன்று உங்களிடம் சொல்லியிருக்கும் பாக்ஸ். அது உண்மையிலேயே வேலை செய்யும், எப்படி என்பதுதான் விஷயம். இன்ஜெக்டர்களுக்கு ஹை பிரஷர் டீசலைத் தேக்கித் தரும் குழாயான காமன் ரெயிலில் உள்ள பிரஷர் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பிரஷரைக் குறைத்துச் சொல்லும். ஈசியூ 1,400 பார் கேட்கிறது, பாக்ஸ் 10 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது என்று வையுங்கள். 'இன்னும் வரவில்லையே' என்று ஈசியூ பம்ப்பை முடுக்கும். ரெயிலில் நிஜமாக 1,555 பார் ஏறிவிடும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறவில்லை, பிரஷர் கூடியதால் டீசல் கூடுதலாக இறங்குகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. டீசல் பாயும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பிரஷரை 11 சதவீதம் ஏற்றினாலும் டீசல் கூடுவது சுமார் 5 சதவீதம்தான். கொஞ்சம் பவருக்காக ஹை பிரஷர் பம்ப்பும் இன்ஜெக்டர் சீல்களும் முழுச் சுமையைத் தாங்குகின்றன. 85,000 ஓடிய வண்டியில் அந்தச் சுமையை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரீமேப்பில் பிரஷரை ஏறக்குறைய அப்படியே விட்டு, இன்ஜெக்ஷன் நேரத்தை நீட்டி, புகை வராமல் காற்றுக்கேற்ற டீசல் வரம்பையும் மாற்றலாம். டார்க், அதாவது இழுவிசை, எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு என்பதும் உங்கள் கையில்.

பாக்ஸ் போட்டவர்கள் 'மைலேஜ் 2 கூடிடுச்சு' என்று மீட்டரைக் காட்டுவார்கள். கூடுதலாக இறங்கும் டீசல் ஈசியூவுக்கே தெரியாது, அப்புறம் மீட்டருக்கு எப்படித் தெரியும்? டேங்க் ஃபுல் செய்து, ஓட்டி, மறுபடி அதே பம்ப்பில் ஃபுல் செய்து கணக்குப் போட்டால்தான் உண்மை. இன்ஜெக்ஷன் நேர டேபிளை மட்டும் குத்துமதிப்பாக நீட்டிவிடும் சோம்பேறி ரீமேப்பிலும் இதே பொய் வரும்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு தொல்லை, உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் பக்கமோ புதுவைக் கடற்கரை பக்கமோ வண்டி நின்றால் பாக்ஸின் கூடுதல் கனெக்டர் பின்களில் பச்சை பூக்கும். ரெயில் சென்சார் சிக்னல் ஒரு நொடி அறுந்தாலும் செக் இன்ஜின் லைட், பவரைக் குறைத்துத் தவழ வைக்கும் லிம்ப் மோடு, சில சமயம் ஓடும்போதே இன்ஜின் ஆஃப். லாரியை முந்தும்போது அது நடந்தால் யோசித்துப் பாருங்கள். பாக்ஸ்தான் போடுவேன் என்றால் கனெக்டர்களில் ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி, ரப்பர் சீல் கழன்றிருக்கிறதா என்று பார்த்து, டர்போ சூடு படாத இடத்தில் கட்டுங்கள்.

இனி உங்கள் வண்டி. இந்த 1.3 மல்டிஜெட் கம்பெனியிலிருந்து 75 பிஎஸ், 190 என்எம். டர்போ ஃபிக்ஸட் ஜியாமெட்ரி, அதாவது உள் இறக்கைகளின் கோணம் மாறாத ரகம். 2,000 ஆர்பிஎம் வரை தூங்கும். பார்ட் எதையும் மாற்றாமல் செய்யும் நல்ல ஸ்டேஜ் 1 ரீமேப் அந்தத் தூக்கத்தைக் கொஞ்சம் முன்னதாகக் கலைக்கும், ஒழிக்காது. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்வதற்கு எந்த மேப்பும் உதவாது. பலன் தெரிவது மரக்காணம் தாண்டி நான்காம் கியரில் முந்தும்போதுதான்.

முதலில் உடைவது கிளட்ச். அதிகாலையில் காலி மேம்பாலத்தில் ஏறும்போது நான்காம் கியர், 2,000 ஆர்பிஎம், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் பிளேட் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு நாசில் கடையில் லீக்-ஆஃப் டெஸ்ட்: நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்துப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு விட்டால் அதைச் சரிசெய்யாமல் எதுவும் தொடாதீர்கள். இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய்க் கசிவு, அடைத்த ஏர் ஃபில்டர், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வில் படிந்த கரி மூன்றையும் அதே வாரம் முடித்துவிடுங்கள். பல வண்டிகளுக்கு இதிலேயே பாதி பிக்கப் திரும்பிவிடும், ரீமேப் செய்யும் ட்யூனரிடம் போகவே தேவையிருக்காது.

ட்யூனரிடம் கேட்க வேண்டியது: '2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை அடக்கி வையுங்கள், உச்சத்தில் 230 என்எம் போதும்.' கிளட்ச் பிழைக்கும். மேப் ஏற்றும் முன் ஒரிஜினல் ஃபைலைப் படித்து உங்களுக்கு ஒரு காப்பி தர வேண்டும். ஃபிளாஷ் செய்யும்போது பேட்டரியில் சார்ஜர் மாட்டி 13 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் ஈசியூ செத்துவிடும். ஏற்றிய பிறகு ரோட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து, ஈசியூ கேட்ட பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) – வந்த பூஸ்ட், கேட்ட ரெயில் பிரஷர் – வந்த பிரஷர் இரண்டையும் லாக் எடுத்துக் காட்டாதவரிடம் போகாதீர்கள். அப்படி லாக் எடுக்காமல் ஏற்றுவது வேறொரு வண்டிக்குச் செய்த ஃபைலாகத்தான் இருக்கும். ஸ்கேனரில் P0234 என்ற கோளாறு எண் வந்தால் பூஸ்ட் மிகுதி, P0299 என்றால் பூஸ்ட் குறைவு, P0087 என்றால் ரெயில் பிரஷர் எட்டவில்லை. கண்ணாடியில் கரும்புகை தெரிந்தால் மேப் தவறு. பிஎஸ்4 டீசலுக்குப் புகைச் சோதனை வரம்பு 1.62, அதில் மாட்டிக்கொள்வீர்கள்.

பாக்ஸுக்கு நியாயமான ஒரே இடம், வாரண்டியில் உள்ள வண்டியில் மாட்டிப் பார்த்துக் கழற்றுவது. அங்கேயும் வாரண்டி பாதிக்காது என்று யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் உள்ள பிஎஸ்6 டீசலில் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், கூடும் கரி நேராக ஃபில்டரில் சேரும். டர்போ இல்லாத பெட்ரோலுக்கு எது போட்டாலும் பெரிதாகத் தெரியாது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோலை டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கோடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸின் வரம்பு 250 என்எம், இன்ஜின் கம்பெனியிலிருந்தே 250 என்எம், மேலே ஏற்ற இடமே இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு ஆர்சி விவரத்துக்கு முரணான மாற்றத்தைத் தடுக்கிறது. 182ஏ-யின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் விட்டால் க்ளெய்மில் தகராறு வரலாம். சர்வீஸ் சென்டரில் ஈசியூ அப்டேட் போட்டால் ரீமேப் அழிந்துவிடும் என்பதால், மறுபடி ஏற்றித் தர பணம் உண்டா இல்லையா என்பதை ட்யூனரின் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.