ஈரான்காரரோடு ரெசா பஹ்லவி பற்றிக் கதைக்கலாமா?

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம்தான், வேலையிடத்தில் கூட நிற்கும் ஈரான்காரர் சிங்கமும் சூரியனும் போட்ட பழைய மன்னர் காலத்துக் கொடியோடு ஊர்வலம் போக வாங்கோ என்று கூப்பிடுகிறார், யார் இந்த ரெசா பஹ்லவி, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ரெசா பஹ்லவியைப் பற்றி வாய் திறக்க முன் கொஞ்சம் பொறுங்கள்.

ஈரானின் கடைசி மன்னரின் மூத்த மகன் அவர். 1978இல் போர் விமானம் ஓட்டப் பழக அமெரிக்கா போனவர், அடுத்த வருடமே புரட்சி வந்தது, பிறகு ஊர் திரும்பவில்லை. இஸ்லாமியக் குடியரசு போகவேண்டும், அதற்குப் பிறகு மன்னராட்சியா குடியரசா என்பதை மக்கள் வாக்களித்து முடிவெடுக்கட்டும் என்கிறார். சிலருக்கு அவர்தான் மிஞ்சியிருக்கும் நம்பிக்கை. வேறு சிலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே தகப்பன் காலத்துச் சாவாக் என்ற இரகசியப் பொலிஸும் சித்திரவதையும்தான் ஞாபகம் வரும். 2023இல் இஸ்ரேலுக்குப் போய்வந்தார், அதிலும் பெரிய சண்டை. நான் முன்பு வேலை செய்த இடத்தில் கூடப்பிறந்த இரண்டு பேர் இந்தக் கதையால் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதையே விட்டிருந்தார்கள்.

என்னைக் கேட்டால், இவ்வளவு காலம் வெளியில் இருந்தவர் உள்ளே இருப்பவர்களை வழிநடத்துவேன் என்பது எனக்கு ஒட்டவில்லை. 2022இல் முக்காடு சரியில்லை என்று ஈரான் பொலிஸ் பிடித்த மாசா அமினி என்ற இளம்பெண் இறந்தபோது, அங்குள்ள பெண்கள் எந்தத் தலைவரும் கூப்பிட்டுத் தெருவில் இறங்கவில்லை. ஆனால் இதை நான் ஈரான்காரரிடம் சொல்வதில்லை. 2009 மே மாதம் ஊரில் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் பிள்ளைகுட்டிகளோடு இங்கே ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்ற மறுநாள், வேலையிடத்தில் எல்லோரும் "உங்கள் ஆட்கள் செய்தது சரியா" என்றுதான் கேட்டார்கள். ஊரில் யார் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டது ஒரேயொரு ஆள், அவர் ஒரு ஈரானியப் பெண்.

அதனால் உங்களோடு வேலை செய்பவரிடம் முதலில் வீட்டாரைப் பற்றிக் கேளுங்கள். 2020 ஜனவரியில் ஈரான் சுட்டு விழுத்திய உக்ரைன் விமானத்தில் 176 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் கனடாவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். அதில் அவருக்கு வேண்டியவர்களும் இருந்திருக்கலாம்.

அப்புறம், இதுதான் முக்கியம்: ஊர்வலத்தில் எடுக்கும் படத்தை முகம் தெரிய முகநூலில் போடாதீர்கள். இங்கே பிள்ளை கொடி பிடித்தால் அங்கே தாய் தகப்பன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள், இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், அவர் ஓம் என்றாலும் பக்கத்தில் நிற்பவரை வெட்டிவிட்டுப் போடுங்கள்.