குடும்பக் கஷ்டத்தோடு ஒரு கிராமத்துப் போலீஸ் அதிகாரி வழக்குத் துப்பறிய முடியுமா?

அமெரிக்கத் தொடர்களில் ஊர்ப்புறத்து ஷெரிஃப் ஒருவர் (கவுண்டி என்கிற, நம் மாவட்டம் மாதிரியான பகுதிக்குப் போலீஸ் தலைவர்), மனைவிக்குப் புற்றுநோய், மகளோடு மனஸ்தாபம், இதற்கு நடுவே வாரம் ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிறாரே, நம்பும்படியாகவா இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வாரம் ஒரு கொலையை நானும் நம்பவில்லை. மற்றது ஏறக்குறைய எங்கள் வீட்டில் நடந்தது. என் அப்பா இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நீங்கள் நகரத்தில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். அங்கே போலீஸ்காரருக்கு வீடு வேறு, ஸ்டேஷன் வேறு. சின்ன ஊரில் அப்படி இல்லை. ஷெரிஃபுக்கு அது இன்னும் கஷ்டம், ஏனென்றால் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அவர் தேர்தலில் ஜெயித்துப் பதவிக்கு வருபவர், பெரும்பாலும் நான்கு வருடத்துக்கு. கவுண்டி சிறையையும் அவர்தான் பார்க்க வேண்டும், கோர்ட் நோட்டீஸையும் அவர் ஆட்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, வயோமிங் மாநிலம் பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு, கவுண்டிகள் 23. அப்படிப்பட்ட இடத்தில் விலங்கு மாட்டுகிறவரும் மாட்டப்படுகிறவரும் ஒரே கடையில் மளிகை வாங்குகிறவர்கள். மாட்டப்படுகிறவர் போட்ட ஓட்டில் ஜெயித்தவராகக்கூட ஷெரிஃப் இருக்கலாம்.

நம் ஊரில் தேர்தல் இல்லை, டிரான்ஸ்ஃபர் உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அப்பாவுக்கு விருதுநகர் மாவட்டத்தில் மேற்கு மலையடிவாரத்து ஸ்டேஷன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், மதுரையில் கீமோ நடந்துகொண்டிருந்தது. கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் ராத்திரி காய்ச்சல் வந்தது. அக்டோபர் கடைசி. அப்பா பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி பந்தோபஸ்தில் இருந்தார். லீவு கேட்டு, கிடைக்காமல்தான் போயிருந்தார். எங்களுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி, நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம், தன் காரை எடுத்து அம்மாவையும் என்னையும் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அம்மா பிழைத்தாள்.

அடுத்த நிலக்கடலைப் பருவத்தில் ஓடையோரம் ஓர் ஆடு மேய்ப்பவரின் உடல் கிடந்தது. பாம்பு கடித்துவிட்டது என்றார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ல் சந்தேக மரணமாக வழக்குப் பதிவானது (இப்போது அது புதுச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 194). அப்பா அந்தக் கால்களைப் பார்த்தார். இரண்டு முழங்காலுக்கும் கீழே ஒரே உயரத்தில் கோடு இழுத்த மாதிரி கருகல். மலையடிவாரத்தில் வேலை பார்த்த எந்தப் போலீஸ்காரருக்கும் அது தெரியும். காட்டுப்பன்றிக்குத் தாழ்வாகக் கட்டும் மின்வேலி. ஒரு காலில் செருப்பும் இல்லை. ஏட்டய்யாவும் அப்பாவும் ஓடையை ஒட்டிய கடலைக்காடுகளில் வரப்பு வரப்பாக நடந்தார்கள். ஒரு காட்டில் ஓரம் நெடுக முளைக்குச்சி பிடுங்கிய குழிகள் வரிசையாக, புதுசாக இருந்தன. மண்ணில் புதைந்த செருப்பும் அங்கேதான் கிடைத்தது. மின்வாரியப் பொறியாளரை வரவழைத்தார்கள். மோட்டார் ஷெட்டிலிருந்து கம்பி இழுத்த தடத்தை அவர் எழுதிக் கொடுத்தார்.

காடு மாமாவுடையது.

பன்றி ஒரே ராத்திரியில் காட்டைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும், அந்த வயிற்றெரிச்சல் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் செத்தவரை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப்போய் ஓடையில் போட்டுவிட்டு, அவர் பெண்டாட்டியிடம் பாம்பு என்று சொல்லவைத்ததை அப்பாவால் விட முடியவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததும் பிரிவை 304(2), 201 (கொலை ஆகாத மரணம் விளைவித்தது, தடயத்தை மறைத்தது) என்று மாற்றினார். அவரே போய் மாமாவை அழைத்துவந்தார். ஜீப்பில் மாமா, “அக்காவுக்கு இப்ப எப்படி சார் இருக்கு?” என்று கேட்டாராம். இதை அப்பா எங்களிடம் சொன்னது ரொம்ப வருடம் கழித்து.

அன்று ராத்திரி அம்மா, “ஏங்க, அவரையா?” என்று மட்டும் கேட்டாள். அப்பா, “செத்தவனுக்கும் ரெண்டு புள்ளைங்க” என்றார். மறுநாளிலிருந்து எங்களுக்குப் பால் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் அப்பாவுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல். மிச்சமிருந்த கீமோவுக்கு நானும் அம்மாவும் பஸ்ஸில் போய்வந்தோம்.

போலீஸ்காரர் மகள் வேறு எப்படி எழுதுவாள் என்று யாராவது சொல்வார்கள். 2020-ல் சாத்தான்குளத்தில் ஜெயராஜுக்கும் பென்னிக்ஸுக்கும் போலீஸ் காவலில் நடந்ததை எந்தப் போலீஸ் குடும்பமும் நியாயப்படுத்தக் கூடாது, நானும் மாட்டேன். அப்பா நன்றிகெட்டவர் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: அந்த ஆடு மேய்ப்பவரின் வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 2021-ல் காவலர் முதல் தலைமைக் காவலர் வரைக்கும் வார விடுப்பு என்று அரசாணை வந்தது. நல்லது. ஆனால் இப்போதும் போலீஸ் என்றால் வாடகைக்கு வீடு தர மாட்டேன் என்கிறார்களே, அதற்கு யார் அரசாணை போடுவது? என் தம்பி இப்போது எஸ்ஐ. “நல்ல குடும்பம்தான், ஆனா போலீஸ்காரங்களுக்குக் கொடுக்கிறதில்ல” என்று நேருக்கு நேராகவே சொல்கிறார்கள். வீட்டில் திருடு போனால் மட்டும் பத்து நிமிடத்தில் வந்து நிற்க வேண்டும்.

சரி, வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சம்மன் வந்து அப்பா மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஏறிப்போய்ச் சாட்சி சொன்னார். ஊர்க்காரர்கள் பிறழ் சாட்சி ஆனார்கள். பொறியாளர் அறிக்கையும் டாக்டர் சாட்சியமும் நின்றன, மாமாவுக்குத் தண்டனை கிடைத்தது. வெளியே வந்தபின் என் கல்யாணத்துக்கு அப்பா அவருக்குப் பத்திரிகை கொடுக்கப் போனார். அவர் வாங்கிக்கொண்டார், வரவில்லை.